பர்ன்லி நெசவுத் தெருவின் பிள்ளைப் பருவம்: தமிழில் எப்படிச் சொல்வது?

புதுவாசகி:

இங்கிலாந்தின் லாங்கஷயர் பகுதியில் உள்ள பர்ன்லி நகரத்தைப் பற்றிய வாய்மொழி நினைவுகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை ஒன்று கையில் இருக்கிறது. காலம் 1900 முதல் 1930 வரை. வாக்கியங்கள் எளியவை, அவற்றில் வரும் பொருள்கள்தான் கழுத்தை அறுக்கின்றன. இணைய மொழிபெயர்ப்பில் போட்டால் ஒரு நெசவாளிப் பெண் நாள் முழுக்க ‘விண்கலத்தை முத்தமிட்டாள்’ என்று வருகிறது. அது தறியில் ஓடும் நாடா என்பது வரை புரிந்தது. முத்தம் எதற்கு என்று புரியவில்லை.

இன்னும் சில இடங்கள்: பத்து வயதுப் பிள்ளை ‘அரை நேரம்’ போனது எங்கே? முற்றத்துக் கடைசியில் இருந்த கழிவறை ஏன் ‘கவிழ்ந்தது’? செருப்புக்கு எதற்கு இரும்பு? வாசற்படியில் எதற்குக் ‘கழுதைக்கல்’? ஜூலையில் ஊரே ஒரு வாரம் காலியானது ஏன்? சொல் மட்டும் கிடைத்தால் போதாது. அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் சரியான வினைச்சொல் வருகிறது.

தறிநாடா:

முதலில் ஒன்று. பர்ன்லியை ‘நூற்பாலை நகரம்’ என்று எழுதிவிடாதீர்கள். நூற்பு பெரும்பாலும் தெற்கே, ஓல்டாம், போல்டன் பக்கம். வடக்கே பர்ன்லி, நெல்சன், பிளாக்பர்ன் எல்லாம் நெசவு ஊர்கள். 1910 வாக்கில் பர்ன்லியில் மட்டும் ஏறத்தாழ 99,000 விசைத்தறிகள். 1911-இல் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். தலைக்கு ஒரு தறி என்று வைத்துக்கொள்ளலாம்.

சொற்களுக்கு அகராதியைப் புரட்ட வேண்டாம். சோமனூரிலும் குமாரபாளையத்திலும் தறிக்காரர்கள் சொல்வதே போதும். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை, ஊடையைச் சுமந்து ஓடுவது நாடா, நாடாவுக்குள் உட்காரும் நூல் தார், பாவு இழைகளை மேலும் கீழும் பிரிப்பது விழுது, ஊடையை அடித்து நெருக்குவது அச்சு.

இனி முத்தம். லாங்கஷயர் தறியின் நாடா ஓரடிக்குச் சற்று மேல் நீளம். பெர்சிமன் போன்ற கடினமான மரம். இரு முனையிலும் எஃகு மூக்கு. நடுவில் தோண்டிய பள்ளத்தில் ஒரு கம்பி, அதில் தார். நூல் வெளியே வருவது பக்கவாட்டில் உள்ள சிறு பீங்கான் கண் வழியாக. தார் தீர்ந்ததும் புதுத் தார் போட்டு, நூல் முனையைக் கண்ணுக்கு உட்புறம் பிடித்து, வெளிப்புறத்தில் வாயை வைத்து ஒரே உறிஞ்சு. மூச்சோடு நூல் வெளியே வந்துவிடும். அதுதான் முத்தம். நூலோடு பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்தே வாய்க்குள் போகும். உதவிக்கு வருகிற இன்னொருத்தியும் அதே நாடாவில் வாய் வைப்பாள்.

எத்தனை முறை? தறி நிமிடத்துக்கு 200 ஊடை ஓட்டுகிறது, துணி ஒரு கெஜ அகலம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 200 கெஜம் நூல் கரைகிறது. ஒரு தார் சில நிமிடம்தான் தாங்கும். ஒரு நெசவாளியின் பொறுப்பில் நான்கு தறி. எந்த நேரமும் ஏதோ ஒன்று தாருக்குக் காத்திருக்கும். ஆகவே தறிக்கு இரண்டு நாடா: ஒன்று ஓடும்போதே மற்றதில் தார் போட்டு, உறிஞ்சி, தயாராக வைத்துவிடுவார்கள்.

புதுவாசகி:

கையால் கோர்க்க முடியாதா?

தறிநாடா:

முடியும். கண்ணுக்குப் பதில் பிளவு வைத்த நாடா வந்தது. நூலை அதில் இழுத்துவிட்டால் போதும். ஆனால் ஆலை முழுக்கப் பழைய நாடாக்களைத் தூக்கிப்போட முதலாளிகளுக்கு மனமில்லை. நெசவாளிகளும் அவசரப்படவில்லை, ஏனென்றால் கூலி நெய்த அளவுக்குத்தான். உறிஞ்சுவதற்கு ஒரு விநாடி, கையால் கோர்க்க அதைவிடக் கூடுதல். லாங்கஷயரில் சட்டம் தடுத்தது 1952-இல்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இலேயே தடுத்துவிட்டது. பழக்கம் சட்டத்துக்குப் பிறகும் ஓடியது.

இன்னொரு நுணுக்கம். நம் ஊர்த் தார் ஒரு குச்சியில் சுற்றியது. லாங்கஷயரில் மியூல் எந்திரத்தில் நூற்ற தாருக்குப் பெரும்பாலும் உள்ளே மரக்குச்சி கிடையாது; கம்பியில் நேராகக் குத்துவார்கள். அவசரத்தில் கோணலாகக் குத்தினால் நடுவில் சரிந்து நூல் சிக்காகிவிடும். ஆகவே ‘தார்க்குச்சி’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள்.

கரிப்புகை:

‘அரை நேரம்’ என்பது சட்டப்படியான ஏற்பாடு. பகலில் பாதி ஆலை, பாதி பள்ளி. 1844 தொழிற்சாலைச் சட்டத்தில் எட்டு வயதிலேயே அனுமதி. 1874-இல் பத்து, 1891-இல் பதினொன்று, 1899-இல் பன்னிரண்டு என்று ஏறியது. 1918 கல்விச் சட்டம் அதை ஒழித்தது. நடைமுறைக்கு வந்தது 1921-இல். ஆக உங்கள் குறிப்பில் வரும் பத்து வயதுப் பிள்ளை, 1891 சட்டம் நடைமுறைக்கு வருமுன் வேலைக்குப் போனதாக இருக்க வேண்டும். 1905-இல் பத்து வயதில் போனதாக வந்தால், சொல்பவர் வயதைத் தப்பாகச் சொல்கிறார், அல்லது வீட்டு வேலையையும் ஆலை வேலையையும் கலந்து சொல்கிறார். ஒரு அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.

நடைமுறை இப்படி. ஒரு வாரம் காலை 6 மணி முதல் மதியம் வரை ஆலை, பிற்பகல் பள்ளி. அடுத்த வாரம் தலைகீழ். காலை ஆலைக்குப் போன வாரத்தில் பிற்பகல் வகுப்பில் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். பார்த்தும் பாராமல் விட்ட ஆசிரியர்களும் இருந்தார்கள்.

வேலை என்ன என்றால், ஒரு நெசவாளிக்குக் கைத்துணை. தார்ப்பெட்டி தூக்கிவருவது, தீர்ந்த நாடாவுக்குத் தார் போடுவது, தறியைச் சுற்றிப் பெருக்குவது. சம்பளம் ஆலை தருவதல்ல. அந்த நெசவாளியே தன் கூலியிலிருந்து தருவார். பெரும்பாலும் அத்தையோ அக்காவோதான் அந்த நெசவாளி. இன்னொரு வேலை, விழுதுக்கு இழை எடுத்துக் கொடுப்பது. பாவு உருளைக்குப் பின்னால் குந்தி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் கொக்கியால் விழுதின் கண் வழியாக இழுத்துக்கொள்வார். ஒரு இழை வரிசை மாறினாலும் துணி நெடுகக் கோடு விழும். கண்டுபிடித்துப் பிரித்துத் திரும்பக் கோர்ப்பதற்குள் அரைநாள் போய்விடும்.

தறிநாடா:

கரிப்புகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கைத்துணைப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்டது நெசவு அல்ல, காதில்லாமல் பேசுவது. ஆயிரம் தறி ஓடும் கொட்டகையில் காதருகே கத்தினாலும் கேட்காது. வாயை அகலத் திறந்து, உதட்டால் ஒவ்வொரு அசையையும் பெரிதாகக் காட்டுவார்கள். கூடவே கையும் முகமும். உள்ளூரில் ‘மீ-மா’ என்பார்கள். ஓய்வுபெற்ற நெசவாளிகள் தெருவின் இரு பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் வம்பளப்பது இந்தப் பழக்கத்தால்தான். தமிழில் ‘வாயசைப்புப் பேச்சு’ என்று முதல் முறை சொல்லிவிட்டு, பிறகு ‘மீ-மா’ என்றே போகலாம்.

நினைவுக் குறிப்புகளில் ‘பாவு சிதைந்தது’ என்று வந்தால் அது சின்ன விஷயம் அல்ல. நாடா ஒரு பக்கப் பெட்டியிலிருந்து மறுபக்கம் போய்ச் சேருமுன் பாவுக்கு நடுவில் நின்றுவிட்டால், அச்சு வந்து அதன்மேல் அடிக்கும். நூற்றுக்கணக்கான இழை ஒரே அடியில் அறும். காரணம் பெரும்பாலும் நாடாவை அடிக்கும் கோல் தளர்ந்திருப்பது, அதை இழுக்கும் தோல் வார் நீண்டிருப்பது, அல்லது நாடாவைத் தட்டும் எருமைத்தோல் கட்டை தேய்ந்திருப்பது. ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுச் சேர்க்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. ஊடை அறுந்தால் தறி தானே நின்றுவிடும், அதற்கு ஒரு சிறு முள்கரண்டி இருக்கிறது. பாவு அறுந்தால் நிற்காது. கண்தான் பார்க்க வேண்டும்.

புதுவாசகி:

தறியைச் சரிசெய்பவரைப் பற்றி நகைச்சுவைத் துணுக்குகள் நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் அவர் மடையராகவே இருக்கிறார். அவரை என்ன சொல்வது?

தறிநாடா:

தறி மேஸ்திரி. அவர் பொறுப்பில் எழுபது முதல் நூறு தறி வரை இருக்கும். வருமானம் அவருக்குக் கீழே உள்ள நெசவாளிகள் சம்பாதிப்பதில் ஒரு பங்கு. பவுனுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே நெசவாளியை விரட்டுவதில்தான் அவர் பிழைப்பு. பெரும்பாலும் ஆண், கீழே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவரை முகத்துக்கு நேரே எதிர்க்க முடியாதவர்கள் துணுக்கில் மடையராக்கினார்கள். மொழிபெயர்க்கும்போது ‘மெக்கானிக்’ என்று போட்டால் இந்தப் பகை காணாமல் போய்விடும்.

மரச்சப்பாத்து:

செருப்பு என் பகுதி. அதைப் ‘பாதக்குறடு’ என்று போடாதீர்கள். துறவி போடும் மரக்குறடு வேறு. ‘மரச்செருப்பு’ என்றாலும் ஒல்லாந்தர் போடும் தோணி மாதிரி ஒன்று கண்முன் வரும். லாங்கஷயரில் அடி மட்டும்தான் மரம். மேலே முழுக்கத் தடித்த தோல், முன்பக்கம் கொக்கி அல்லது வார். ‘மர அடிச் சப்பாத்து’ என்பதே பொருத்தம்.

மரம் பெரும்பாலும் ஆல்டர். ஆற்றோரம் வளர்வது, ஈரம் பட்டுக் காய்ந்தாலும் எளிதில் பிளக்காது, பச்சையாக இருக்கும்போது கத்திக்கு வெண்ணெய். பச்சை மரத்தைத் துண்டு போட்டு, காற்றோடும்படி கூம்புகளாக அடுக்கி மாதக்கணக்கில் காயவிடுவார்கள். பிறகு செருப்புக்காரர் மூன்று நீளக் கத்திகளால் செதுக்குவார். கத்தியின் ஒரு முனையில் கொக்கி. அது பலகையில் அடித்த வளையத்தில் மாட்டியிருக்கும். மறுமுனைக் கைப்பிடியை அழுத்தினால் நெம்புகோல்போல் வெட்டும். முதல் கத்தி வெளி உருவத்துக்கு. இரண்டாவது பாதம் உட்காரும் குழிவுக்கு. மூன்றாவது, விளிம்பைச் சுற்றித் தோல் உட்காரும் படிவெட்டுக்கு. அந்தப் படியில் தோலை இழுத்து வைத்து, மேலே மெல்லிய தோல் பட்டை ஒன்றை வைத்து ஆணி அடிப்பார்கள். மரம் வளையாது என்பதால் முன்பக்கம் சற்றே மேல்நோக்கித் தூக்கியிருக்கும். பாதம் மடங்காது, உருளும். முன்தூக்கல் குறைந்தால் நடக்கிறவர் தடுக்கி விழுவார்.

இரும்பு என்பது அடியில் அடிக்கும் லாடம்தான். பாதத்துக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. நடுவில் பள்ளம் ஓடும். ஆணித்தலை அதற்குள் புதைந்திருக்கும். ‘லாடம்’ என்றே எழுதுங்கள், தமிழ் வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். தேய்ந்த லாடத்தை உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் மரமே தேயத் தொடங்கும், அப்புறம் ஆணி பிடிக்க இடமிருக்காது, அடிக்கட்டையையே மாற்ற வேண்டும். பிள்ளைகள் பாவுகல்மேல் காலை வீசி உரசித் தீப்பொறி பறக்கவிட்டதற்கு வீட்டில் அடி விழுந்தது ஏன் என்று இப்போது தெரியும். ஒரு மாலைத் தீப்பொறிக்கு ஒரு வார லாடம்.

பனியிலும் ஒரு தொல்லை. இரண்டு லாடத்துக்கு நடுவில் பனி திணிந்து கெட்டியாகி, நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும். பொய்க்கால் நடையாகத் தள்ளாடி, சுவரில் உதைத்து உதிர்த்துவிட்டு நடக்க வேண்டும். பிள்ளைகள் வேண்டுமென்றே யாருக்கு உயரம் என்று போட்டி வைத்தார்கள்.

புதுவாசகி:

‘பாவுகல்’ என்கிறீர்களே, தறிப் பாவோடு குழம்பாதா?

மரச்சப்பாத்து:

குழம்பும். ‘கல்பாவிய நடைபாதை’ என்று விரித்துவிடுங்கள்.

கல்முற்றம்:

கழிவறையைப் பற்றி யாரும் தொடவில்லை, எல்லோருக்கும் கூச்சம்போல. அது பர்ன்லியின் பெருமைக்குரிய பொருள், ஐயா. இந்தக் கவிழ்ப்புக் கழிவறைகளைச் செய்து விற்ற டக்கெட் நிறுவனம் அதே ஊர்க்காரர்களுடையது.

குழாய்த் தண்ணீரைச் செலவழிக்காமல் கழுவுவதுதான் நோக்கம். சமையலறையில் ஒரு கல்தொட்டி. பாத்திரம் கழுவியதும் துணி அலசியதும் அங்கே ஊற்றுவார்கள். அந்தக் கழுநீரும் கூரை மழைநீரும் நிலத்தடிக் குழாய் வழியாக முற்றத்துக் கடைசிக்குப் போகும். அங்கே மண்ணுக்குள் ஒரு சுட்டமண் வாளி, இரு பக்கமும் அச்சில் தொங்கும். காலியாக இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும். நிறைய நிறையப் பாரம் முன்பக்கம் மாறும். விளிம்பு வரை வந்ததும் ஒரேயடியாகக் கவிழ்ந்து, எல்லாத் தண்ணீரையும் சாக்கடைக் குழாய்க்குள் கொட்டிவிட்டு மறுபடி நிமிரும். உட்காரும் பலகைக்குக் கீழே நீர் தேங்கும் கோப்பை எதுவும் கிடையாது. பல அடி ஆழத்துக்கு நேர்க்குழாய், அவ்வளவுதான்.

பிள்ளைகள் நடுங்கியதற்கு இரண்டு காரணம். ஓட்டை அகலம், அடி தெரியாத இருட்டு. விழுந்துவிடுவோம் என்ற பயம். இரண்டாவது, கவிழும் நேரத்தை உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்க முடியாது. சமையலறையில் யாரோ ஒரு சட்டி தண்ணீர் ஊற்றினால், முற்றத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கீழே திடீரென்று இடி இடிக்கும். அண்ணன்மார் இதைத் தெரிந்தே செய்தார்கள்.

பழுதுகளும் இதிலிருந்தே வந்தன. கழுநீரில் கொழுப்பும் உருளைக்கிழங்குத் தோலும் சேர்ந்தால் வாளி விளிம்பில் படிந்து எடை மாறும். அரைகுறையாகக் கவிழ்ந்து அப்படியே நிற்கும். அச்சு துருப்பிடித்தாலும் அதே கதை. வெயில் காலத்தில் மழையும் இல்லை, வீட்டில் எல்லோரும் ஆலையில் என்றால் ஊற்றக் கழுநீரும் இல்லை. வாளி நிறையவே நாளாகும், நாற்றம் தெருவைத் தூக்கும். வினைச்சொல் ‘கவிழ்ந்தது’ என்பதே சரி. ‘தண்ணீர் விட்டார்’ என்று எழுதினால் தப்பு, யாரும் விடுவதில்லை.

கல்முற்றம்:

கழுதைக்கல்லுக்கும் கழுதைக்கும் உறவு பெயரளவில்தான். கல்தூளும் சிமென்டும் வெளுப்புத்தூளும் தண்ணீரில் பிசைந்து அச்சில் அழுத்திக் காயவைத்த கட்டி. முதலில் ஆலைகளில் எண்ணெய் படிந்த கல்படி வழுக்காமல் இருக்கத் தேய்த்தார்கள். அப்புறம் வீட்டு வாசலுக்கு வந்தது. பழந்துணி வாங்குகிறவர் வண்டியில் வருவார், கந்தல் கொடுத்தால் கல் கொடுப்பார். வெள்ளை, பாலேடு நிறம், பழுப்பு என்று வகை உண்டு. எந்தத் தெருவில் எந்த நிறம் என்பதில் பிடிவாதமும் உண்டு.

படியைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே கல்லால் விளிம்போரம் ஒரே சீராகத் தேய்த்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு இழு. தண்ணீர் கூடினால் நிறம் வழிந்து திட்டுத்திட்டாகும். குறைந்தால் பொடி உதிர்ந்து முதல் செருப்புத் தடத்தோடு போய்விடும். வாசலில் கோலம் போடுவதுபோல என்று எழுதலாமா என்று தோன்றும். வேண்டாம். இதில் மங்கலம் எதுவும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி பார்க்கிறாளே என்பதுதான் எல்லாம்.

திங்கள் துவைப்பு நாள். செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து, வரியோடிய தகரத் தொட்டியில் போட்டு, நீளக் கம்பின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்றால் குத்தி எடுப்பார்கள். கடைசி அலசலில் நீலம். நம் வீட்டில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது எதுவோ அதேதான். பின்தெருவின் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். அந்த நேரத்தில் கரிவண்டி வந்தால் சண்டை நிச்சயம்.

கரிப்புகை:

ஜூலை வாரம். லாங்கஷயரில் இதை ‘வேக்ஸ்’ என்பார்கள்; சொற்பிறப்பைப் பார்த்தால் அது தேவாலயத் திருவிழா. ஆனால் 1900-க்குள் அது ஆலை விடுமுறையாகவே மாறிவிட்டது. ஒவ்வொரு ஊரும் வேறுவேறு வாரம். பர்ன்லிக்கு ஜூலை. ‘ஊர் விடுமுறை வாரம்’ என்று எழுதலாம்.

எல்லோரும் ஏன் ஒரே வாரத்தில்? பத்துப் பேர் லீவு போட்டாலும் நீராவி எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். ஹார்ல் சைக் பகுதியில் 1894-இல் கட்டிய குயின் ஸ்ட்ரீட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று. அதிலிருந்து நீளத் தண்டு, பல்சக்கரம், தறிக்கொரு தோல் பட்டை. ஆயிரத்தை ஒட்டிய தறிகளுக்கு அது ஒன்றே. தறிக்கு அரைக் குதிரைத்திறன் வீதம். அந்த எஞ்சினுக்கு ‘விவேகம்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ‘அமைதி’ என்று மாற்றினார்கள். 1982 வரை அது நீராவியிலேயே நெய்தது. இப்போது அருங்காட்சியகம், முந்நூறுக்குச் சற்று மேல் தறிகள் மிச்சம்.

எஞ்சின் நிற்கும் வாரத்தில்தான் கொதிகலனுக்குள் ஆள் இறங்க முடியும். லாங்கஷயர் கொதிகலன் கிடையான பெரிய உருளை, உள்ளே நீளவாக்கில் இரண்டு நெருப்புக் குழாய். தண்ணீரை வடித்து உள்ளே படிந்த சுண்ணாம்புப் பொருக்கைத் தட்டி எடுக்க வேண்டும், வெளியே செங்கல் புகைவழியில் புகுந்து கரியைச் சுரண்ட வேண்டும், காப்பீட்டு ஆய்வாளர் வந்து தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப மூட்டும்போது அவசரப்படக் கூடாது. சிறு தீயில் தொடங்கி மெதுவாகச் சூடேற்ற வேண்டும்; இல்லையென்றால் மேல்பகுதி விரிந்து அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும், தகட்டு இணைப்புகள் கசியத் தொடங்கும்.

சாதாரண நாளிலும் எஞ்சின் விசையைத் திருப்பினால் ஓடிவிடுகிற பொருள் அல்ல. கரிக்காரர் விடியலுக்கு வெகு முன்னால் வந்து, இரவில் சாம்பலால் மூடிவைத்த தீயைக் கிளறுவார். எஞ்சின்காரர் வடிகுழாய்களைத் திறந்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீராவி விட்டு உருளைகளைச் சூடாக்குவார். குளிர்ந்த உருளையில் நீராவி தண்ணீராகிவிடும்; தண்ணீர் நசுங்காது; அப்படியே பிஸ்டனை ஓட்டினால் உருளை மூடி உடையும். ஆறு மணிக்குத் தறி ஓட வேண்டும் என்றால் இதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நீளக் கம்பின் நுனியில் கம்பி கட்டி மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புகிறவருக்கு வாரத்துக்குச் சில பென்னி கொடுத்தது இதனால்தான். சங்கு ஊதி முடித்துக் கதவு சாத்தினால் அரைநாள் கூலி போச்சு.

விடுமுறை வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஊதியத்தோடு விடுமுறைக்கான சட்டம் வந்ததே 1938-இல். ஆண்டு முழுக்க வாரச் சீட்டுப் போல ஆலையிலோ தேவாலயத்திலோ கட்டிவந்து, அந்த வாரம் எடுத்துக்கொண்டு ரயிலேறுவார்கள். பெரும்பாலும் பிளாக்பூல் கடற்கரை. பழைய ஏற்பாட்டில் விடுதிக்காரி படுக்கைக்கும் சமைத்துத் தருவதற்கும் மட்டும் காசு வாங்குவாள். அரிசி பருப்பு மாதிரி அவர்கள் மாவும் இறைச்சியும் தாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும். உப்பு, மிளகு ஜாடிக்குத் தனிக் கட்டணம் போட்ட விடுதிக்காரிகளைப் பற்றிய கேலி தீராது.

போகமுடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு லாபம். நூற்றுக்கணக்கான புகைபோக்கி ஓய்ந்து இரண்டாம் நாளே வானம் தெளியும். வடக்கே பெண்டில் மலை கூர்மையாகத் தெரியும். நினைவுகளில் ‘அந்த வாரம் மலை கிட்டே வந்தது’ என்கிற மாதிரி ஏதாவது வந்தால் கவிதை என்று எண்ணிவிடாதீர்கள். புகை இல்லை, அவ்வளவுதான்.

மரச்சப்பாத்து:

கால்வாயில் குளிர்காலத்திலும் பிள்ளைகள் குதித்தார்கள் என்று வருவதையும் யாரோ மிகை என்று வெட்டிவிடுவார்கள். மிகை அல்ல. வேலை முடித்த நீராவியைக் குளிர்விக்க ஆலைகள் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயிலிருந்து தண்ணீர் எடுத்து, சூடாகத் திரும்ப விட்டன. ஆலைச் சுவரோரம் வெதுவெதுப்பாக இருக்கும். அதே காரணத்தால் அது ஆபத்தும்கூட, உள்ளிழுக்கும் குழாய் வாய் எங்கே என்று மேலிருந்து தெரியாது. கால்வாய் நகரத்துக்கு மேலே மண்கரையில் போகும் இடத்துக்கு ‘நேர் மைல்’ என்று பெயர். நேர்தான், மைல் அல்ல. முக்கால் மைலுக்கும் குறைவு. கரையின் உயரம் 60 அடி வரை.

கோராத்துணி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு துணியும் நம் நாட்டுக்குத்தானே வந்தது? காந்தி 1931-இல் பர்ன்லிக்குப் போய்த் தொழிலாளிகளைச் சந்தித்தார் என்பதையும் சேர்க்கலாமே.

தறிநாடா:

காந்தி தங்கியது டார்வென் பக்கம், ஸ்பிரிங்வேலில். பர்ன்லி என்று எழுதினால் தப்பு. வேட்டி நெய்வதிலும் பேர்பெற்றது பிளாக்பர்ன். பர்ன்லியின் சரக்கு பெரும்பாலும் அச்சடிக்கப் போகும் சாதாரண கோரா, அதாவது வெளுக்காத துணி. அதுவும் மான்செஸ்டர் வியாபாரிகள் வழியாக இந்தியாவுக்கும் சீனாவுக்கும் உலகெங்கும் போனது. இந்தியாவுக்கு மட்டும் என்று சுருக்க வேண்டாம். லாங்கஷயர் நெசவின் சரிவுக்கும் இந்தியாவில் நடந்த அந்நியத் துணிப் பகிஷ்காரம் மட்டும் காரணம் அல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்திய ஆலைகளின் துணி, ஜப்பான் துணி, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்தன. அதைச் சமாளிக்க, ஆளுக்கு நான்கு தறி என்பதைக் கூட்ட முதலாளிகள் முயன்றார்கள். 1931, 1932-இல் பர்ன்லியில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் வந்தது அதனால்தான்.

நம் பக்கத்து உறவு இன்னொன்று உண்டு, அது பஞ்சில். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பஞ்சு நின்றபோது சூரத் பஞ்சு வந்தது. இழை குட்டை, தூசி அதிகம், தறியில் நிமிடத்துக்கு நிமிடம் அறுந்தது. அறாமல் இருக்கப் பாவுக்குப் போடும் கஞ்சியில் மாவோடும் கொழுப்போடும் கார்ன்வால் வெண்களிமண்ணையும் கூட்டினார்கள். பஞ்சுத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் களிமண்ணை விடவில்லை, துணிக்கு எடை ஏறுகிறதே! களிமண் கஞ்சி போட்ட பாவு உலர்ந்தால் உடையும், ஆகவே கொட்டகைக்குள் நீராவி பாய்ச்சி ஈரமாக்கினார்கள். வியர்வையோடு ஆறு மணிக் குளிருக்குள் வெளியே வருவது நெசவாளி. 1889-இல் ஈரத்துக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது. ‘சூரத்’ என்றாலே மட்டச் சரக்கு என்று அந்த ஊர்ப் பேச்சில் பொருள் நின்றுவிட்டது. குறிப்புகளில் அப்படி வந்தால் ஊர்ப் பெயர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

புதுவாசகி:

வந்திருக்கிறது! ‘சூரத் நகரத்துப் பீர்’ என்று எழுதி வைத்திருந்தேன். மாற்றிவிடுகிறேன். ஒரு விளையாட்டு மட்டும் மிச்சம். இரு முனையும் கூர்மையான சிறு கட்டையைக் கம்பால் தட்டி எழுப்பி, அந்தரத்தில் அடிக்கிறார்கள்.

மரச்சப்பாத்து:

கிட்டிப்புள். தயங்காமல் போடுங்கள். தூரத்தைக் கோலால் அளக்காமல் காலடியால் அளப்பார்கள். அடித்தவர் கேட்ட எண்ணிக்கையைவிடக் குறைந்த எட்டில் எதிராளி தாண்டிப்போய்விட்டால் அடித்தவர் அவுட். ஆலையில் உடைந்த கம்பே பெரும்பாலும் கோல். கயிறாட்டத்துக்கு ஆலைக் கயிறு.

புதுவாசகி:

இதுவரை சொன்னதை வைத்து ஒரு மாதிரி வாக்கியம் எழுதிப் பார்த்தேன். எந்தக் குறிப்பிலிருந்தும் எடுத்ததல்ல, சொற்கள் சரியா என்று பார்க்க மட்டும்: “மேஸ்திரி பார்க்குமுன் அவள் தாரை மாட்டி, நாடாவை உறிஞ்சி, அத்தையிடம் நீட்டினாள்; ‘லாடம் போச்சா?’ என்று அத்தை வாயசைத்தாள்.”

தறிநாடா:

‘தாரை மாட்டி’ வேண்டாம், ‘தார் போட்டு’. உறிஞ்சுவதும் நாடாவை அல்ல, நூலை. மற்றது எல்லாம் ஓடும்.